காட்சிச்சாலைகளிற் செப்புத் திருமேனிகள்

முழுமுதற் பொருளாகிய சிவபெருமான் தன்னியல்பில் பெயரும் வடிவும் கடந்து நிற்பவன். ஆயினும் உயிர்கள் உய்தற்பொருட்டு அருவம், அருவுருவம், உருவம் என்னும் மூவகைத் திருமேனிகளைத் தன் அருளே காரணமாகக் கொண்டருளுகின்றான் என்பது சைவ சித்தாந்த நூற்றுணிபு. கருங்கல்லாலியன்ற மூலத் திருமேனி கருவறையினின்றும் பெயராது விளங்க, செம்பாலியன்ற திருவுலாத் திருமேனி திருவிழா நாட்களில் வீதியெழுந்தருளுகின்றது. நடக்கவியலா முதியோரும் பிணியாளரும் தத்தம் வாயிலில் நின்றே கண்டு தொழும்பொருட்டு, இறைவன் தானே அடியாரை நாடி வருங் கோலம் அது.

அவ்வாறு அடியாரை நாடி வந்த திருமேனிகளை இக்காலத்தார் கட்டணங் கொடுத்து நுழைந்து, வழிகாட்டுவோன் ஒருவன் முன்னே செல்லத் தாம் பின்னே சென்று, கண்ணாடிப் பேழைகளினூடே கண்டு வருகின்றனர். சென்னையிலும் தஞ்சையிலும், இலண்டன், பாரிசு, ஆம்சுடர்டாம் முதலிய மேலைநாட்டு நகரங்களிலும், அமெரிக்க நாட்டிலும் இக்காட்சி நாடோறும் நிகழ்வது. வழிகாட்டுவோன் காலமுங் கலைத்திறமுங் கூறுவான். அத்திருமேனி எவ்வூர்த் திருக்கோயிலுக்குரியது, யார் எடுப்பித்தது, எங்ஙனம் இங்கு வந்தது என்பவற்றை அவன் கூறுதல் அரிது. அவ்வரலாற்றைச் சைவ நன்மக்கள் அறிந்துகோடல் இன்றியமையாததாகலின், அஃது ஈண்டுச் சுருக்கமாக ஆராயப்படும்.

சென்னை அரசினர் காட்சிச்சாலை 1851ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. எட்வர்டு பால்பர் என்னும் இசுகாத்துலாந்து நாட்டு மருத்துவர் அதன் முதற் பொறுப்பாளர். தொடக்கத்திற் கல்லூரிக் கட்டடமொன்றில் இருந்த அச்சாலை 1854இல் எழும்பூரிலுள்ள பாந்தியன் மாளிகைக்குப் பெயர்ந்தது. கல், மண், தாவரம், பாடஞ் செய்த விலங்குகளின் உடல் ஆகியன அங்கு வைக்கப்பட்டிருந்தமையால் நகரத்துப் பொதுமக்கள் அதனைச் 'செத்த காலேஜ்' என்றும், உயிருள்ள விலங்குகளைக் காட்டிய சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் வழங்கினர். எளியோர் வாயிற் பிறந்த பெயராயினும், அஃது ஆழ்ந்த ஐயமொன்றனை எழுப்புகின்றது. செத்தனவற்றை வைக்கும் இடத்திலே திருமேனிகளை வைத்தால், அவையும் செத்தனவாகக் கொள்ளப்படுமோ என்பதே அவ்வையம். இதற்கு விடை பின்னர்க் கூறப்படும்.

முதற்கண், அவை அங்குப் புகுந்த வழியை நோக்குவாம். அவற்றுட் பல கோயில்களினின்றும் பறித்துக் கொணர்ந்தன அல்ல. மண்ணினின்றும் வெளிப்பட்டன. வயலுழுவோரும் குளந் தோண்டுவோரும் மனைக்குக் கடைகால் வெட்டுவோரும் அவற்றைக் கண்டெடுத்தனர். 1878ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட புதையற் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் எதனைக் கண்டெடுப்பினும் மாவட்ட ஆட்சியாளர்க்கு அறிவித்தல் வேண்டுமென விதித்தது. உரிமை கூறுவார் இன்றிக் கிடைத்தவற்றுட் பல அரசினர்வழிக் காட்சிச்சாலையை அடைந்தன. இங்ஙனம் சேர்ந்த திருமேனிகளை ஆராய்ந்து கிரேவ்லி என்பாரும் டி. என். இராமச்சந்திரன் என்பாரும் 1932இல் விரிவான அட்டவணை நூலொன்று வெளியிட்டனர். எவ்வூரிற் கிடைத்தது என்பதனை ஏட்டில் ஏற்றிவைத்த இத்தகைய பணியே பிற்காலத்து ஆராய்ச்சிக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

அவை மண்ணுட் புகுந்தமைக்குக் காரணம் யாது? 1311இல் மாலிக்காபூர் படையெடுத்து வந்த காலத்தும், அதன்பின் நிகழ்ந்த பல போர்க்காலங்களினும், பொன்னையும் செம்பையும் விரும்பிய பகைவர்க்குத் திருமேனிகள் இரையாகாவண்ணம் கோயிற்றொண்டர் அவற்றை மறைத்தனர். பகையச்சம் நேருங்கால் திருமேனிகளை மணற்படுக்கையிற் கிடத்திப் புதைத்துக் காக்கும் முறையை ஆகம நூல்கள் சிலவும் வகுத்துள்ளன. ஆகவே அது கைவிடுதலன்று, ஓம்புதலேயாம். ஆயின் மறைத்தவர் மாண்டனர். மறைத்த இடத்தை அறிந்தார் இலராயினர். மறவாது மீட்ட வரலாறும் உண்டு. தில்லைக் கூத்தப்பெருமான் 1648 முதல் 1686 வரை தில்லையை நீங்கிக் குடுமியான்மலையிலும் மதுரையிலும் எழுந்தருளியிருந்து, மீண்டும் தில்லை புகுந்தருளினான். ஒரு தலைமுறைக் காலம் கடந்தும் அவன் மீண்டது, அவனை நினைந்து காத்திருந்தார் இருந்தமையாலன்றோ? நினைவார் உளராயின் மறைவு மீளும். இலராயின் மறைவே நிலையாகும்.

இனிச் சென்னைக் காட்சிச்சாலையுட் புகுவார் முதற்கண் விரும்பிக் காண்பது திருவாலங்காட்டுக் கூத்தப்பிரான் திருமேனி. ஐந்து மன்றங்களுள் இரத்தினசபை விளங்குவதும், காரைக்காலம்மையார் இறைவன் திருவடிக்கீழ் இருக்கப்பெற்றதுமாகிய தலம் திருவாலங்காடு என்பது சைவர் அனைவரும் அறிந்ததே. அத்திருமேனியின் நிழற்படங்களைக் கண்ட பிரெஞ்சு நாட்டுச் சிற்ப வல்லுநர் ரோடின் என்பவர் வியந்து 1913இல் ஒரு கட்டுரை வரைந்தார். அவர் 1917இல் மறைந்தபின், 1921இல் அது நூலிற் பதிப்பிக்கப்பெற்றது. திருமேனியை நேரிற் காணாது படத்தை மட்டுமே கண்டவர் அத்துணை உருகினார் என்பது எண்ணத்தக்கது.

ரோடின் கண்டது வடிவின் அழகு. அவ்வடிவின் பொருளை மேலைநாட்டார்க்கு விளக்கினவர் ஆனந்த குமாரசுவாமி அவர்கள். 1877இற் கொழும்பிற் பிறந்த இப்பெரியார் 1917 முதல் அமெரிக்க நாட்டுப் பாசுடன் நகரக் காட்சிச்சாலையிற் பணியாற்றி 1947இல் மறைந்தார். சிவபிரான் திருக்கூத்தைப்பற்றி அவர் எழுதிய உலகறிந்த கட்டுரை 1918இல் நியூயார்க்கில் நூலாக வெளிப்போந்தது. ஆயின் அதற்கு முன்னரே 1912இல், ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1897இல் தொடங்கிய 'சித்தாந்த தீபிகை' என்னும் சைவத் திங்களிதழில் அது வெளிவந்திருந்தது. துடியேந்திய கை படைத்தல், அமைத்த கை காத்தல், அங்கி ஏந்திய கை அழித்தல், ஊன்றிய திருவடி மறைத்தல், எடுத்த திருவடி அருளல் என ஐந்தொழிலை அத்திருவுருவிற் காட்டுவது மனவாசகங் கடந்தார் அருளிய 'உண்மை விளக்கம்'. அந்நூலையும் திருமந்திரத்தையும் துணைக்கொண்டே குமாரசுவாமி அவர்கள் பொருள் விரித்தனர். ஆகவே இன்று உலகின் எந்நாட்டுக் காட்சிச்சாலையில் வழிகாட்டுவோன் ஐந்தொழிற் கூத்தெனப் பேசினும், அப்பேச்சின் ஊற்றுக்கண் தமிழ்நாட்டுச் சாத்திரமும் ஒரு சிறு சைவ இதழுமேயாம். இதனை அறியாத சைவர், தம் வீட்டுப் பொருளைப் பிறர் கையிற் கண்டு வியக்கும் பேதையரை ஒப்பர்.

தஞ்சை அரண்மனையில் 1951இல் அமைக்கப்பெற்ற கலைக்கூடத்தில் வேறொரு வியப்புண்டு. திருவெண்காட்டில் மண்ணினின்றும் வெளிப்பட்ட இடபவாகனதேவர் திருமேனி அங்கு எழுந்தருளியுள்ளது. பாம்புகளைத் தலைப்பாகைபோலச் சுற்றிய சடைமுடியும், ஒருபுறஞ் சாய்ந்த நிலையும், எதன்மீதோ ஊன்றினாற்போல வளைந்த கையும் காண்பார் கண்ணைக் கவர்வன. கை ஊன்றியிருந்த இடபம் இதுகாறும் கிடைத்திலது. இத்திருமேனிக்கு ஆண்டு கூறுவது ஊகத்தாலன்று. முதலாம் இராசராசனது 26ஆம் ஆட்சியாண்டாகிய 1011இல் இடபவாகனதேவரைப்பற்றியும், அடுத்த ஆண்டாகிய 1012இல் தேவியார் திருமேனியைப்பற்றியும் திருவெண்காட்டுக் கோயிற் கல்வெட்டுக்கள் பேசுகின்றன. செம்பும் கல்லும் ஒன்றற்கொன்று சான்றாய் நிற்றல் இது.

காட்சிச்சாலையின் பெயர்ச்சீட்டு, 'சோழர் காலம், 11ஆம் நூற்றாண்டு, வெண்கலம்' என்னும் அளவில் அமைந்துவிடும். சைவனுக்கோ திருவெண்காடு என்ற மாத்திரையில் மூவர் பாடல் பெற்ற தலமென்பதும், அச்சுத களப்பாளர் அவ்விறைவனை வழிபட்டுப் பெற்ற பிள்ளைக்குச் சுவேதவனப்பெருமாள் எனப் பெயரிட்டதும், அப்பிள்ளையே பின்னர்ச் சிவஞானபோதம் அருளிய மெய்கண்ட தேவராயதும் நினைவில் எழும். களப்பாளர் அங்கு வழிபட்ட காலத்தில் இத்திருமேனி எடுக்கப்பெற்று இருநூறு ஆண்டளவில் ஆகியிருந்தது. சித்தாந்தம் பயில்வார்க்கு இதனினும் நெருங்கிய தொடர்புடைய திருமேனி வேறு யாது?

முன்னோர் எழுதிய குறிப்பு எத்தகையதென்பதற்கு இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களே சான்று. அக்கோயிலுக்கு அரசனும் தேவிமாரும் தமக்கையாரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த அறுபதுக்கு மேற்பட்ட திருமேனிகள், பாதம் முதல் முடிவரை இத்துணை முழம் இத்துணை விரல் உயரம், இத்துணைத் திருக்கை உடையன, இன்ன பீடத்தின்மேல் நிற்பன, இன்ன அணி இத்துணை நிறையின என ஒன்றும் விடாது பொறிக்கப்பெற்றுள்ளன. அளக்கும் மரக்காலுக்கும் நிறுக்கும் கல்லுக்குங்கூட 'ஆடவல்லான்' என்றே பெயரிட்ட காலம் அது. அப்பட்டியலிற் கூறப்பட்டவற்றுள் இன்று எஞ்சியன மிகச் சிலவே. கல்லில் எழுத்து நின்றது, செம்பு மறைந்தது.

இனிக் கடல் கடந்த திருமேனிகளின் வரலாறு மூன்றனை நோக்குவாம்.

முதலாவது, கும்பகோணத்தையடுத்த சிவபுரத்தது. சம்பந்தரும் அப்பரும் பாடிய அத்தலத்தில் 1951இற் கூத்தப்பிரான் திருமேனியும் வேறு சில திருமேனிகளும் மண்ணினின்றும் கிடைத்துக் கோயிலாரிடம் ஒப்புவிக்கப்பட்டன. பழுது நீக்குதற்கெனக் கூத்தப்பிரான் திருமேனி வெளியே அனுப்பப்பட்டது. மீண்டு வந்தது புதிதாக வார்த்த போலி. உண்மைத் திருமேனியோ கைம்மாறிக் கைம்மாறிக் கடல் கடந்தது. கோயிலில் உள்ளது போலியே என 1965இல் நூலெழுதி அறிவித்தவர் தக்ளசு பாரெட் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர். 1973இல் அதனை அமெரிக்க நாட்டு அறநிலையமொன்று விலைக்குக் கொண்டது. வழக்குத் தொடரப்பட்டு, உடன்பாடு ஏற்பட்டு, 1986இல் திருமேனி தாயகம் மீண்டது. நாடோறும் அருகிருந்தார்க்குப் புலனாகாத வேறுபாடு, வந்துபோன அயல்நாட்டார் ஒருவர்க்குப் புலனாயிற்றென்றால், கண்ணிருந்தும் காணாமை என்பது இதுவன்றோ?

இரண்டாவது, பத்தூரினது. 1976இல் அங்குச் சிதைந்து கிடந்த சிவன்கோயிலிடத்தே கூலித்தொழிலாளர் ஒருவர் மண்ணை வெட்டுங்கால் வெளிப்பட்ட கூத்தப்பிரான் திருமேனி, இரகசியமாய் விற்கப்பட்டு 1982இல் இலண்டன் சேர்ந்தது. விலைக்குக் கொண்ட கனடா நாட்டு நிறுவனம் அதனைச் செப்பஞ் செய்வித்தற்குப் பிரிட்டிசுக் காட்சிச்சாலைக்கு அனுப்ப, ஆங்கிலக் காவலர் அதனைக் கைப்பற்றினர். எழுந்த வழக்கிலே இந்திய அரசும் தமிழக அரசும் மட்டுமன்றித் திருக்கோயிலும், அதன்கண் எஞ்சிநின்ற சிவலிங்கமும் உரிமை கோருவாராக நிறுத்தப்பட்டன. தெய்வத்திருமேனி சட்டத்தின்முன் உரிமையாளராதல் கூடும் என்பதனை இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1925ஆம் ஆண்டிலேயே ஒப்புக்கொண்டிருந்தது. தொல்பொருளறிஞர் இரா. நாகசாமி அவர்கள் சான்று பகர்ந்தனர். திருமேனிமேற் படிந்த மண்ணையும் கறையான் சுவட்டையும் பத்தூர் மண்ணோடும் ஆங்குக் கிடைத்த பிற படிமங்களோடும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர்.

வழிபாடற்றுப் பாழடைந்த கோயில் கோயிலாகுமோ என்பது எதிர்வழக்காடினார் வினா. கோயில் பாழ்பட்டமையால் அதனை எடுப்பித்தோன் கருத்தும் அதன் உரிமையும் அழிந்தில என்றே நீதிமன்றம் கண்டது. 1988இல் உயர்நீதிமன்றமும், 1991இல் மேன்முறையீட்டு மன்றமும் கோயிலுக்கே உரிமையெனத் தீர்ப்பளித்தன. அவ்வாண்டே திருமேனி தமிழகம் மீண்டது. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் திருக்கோயிலை அரனெனவே கண்டு தொழுக என விதிக்கின்றது. அக்கொள்கையை அறியாத அயல்நாட்டு மன்றமும் பாழ்பட்ட கோயிலை உயிருள்ள உரிமையாளனாக ஏற்றுக்கொண்டது, சைவர் மறத்தற்கரிய நிகழ்ச்சி.

மூன்றாவது, அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தானது. வழிபாடு குன்றிப் பூட்டிக் கிடந்த அவ்வூர்ப் பிரகதீசுவரர் கோயிலினின்றும் 2006இல் திருமேனிகள் களவு போயின. கூத்தப்பிரான் திருமேனியை 2008இல் ஆசுதிரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் ஐம்பது இலட்சம் டாலர் அளவில் விலைகொடுத்துப் பெற்றது. புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் தமிழகக் கோயில்தோறுஞ் சென்று எடுத்துத் தொகுத்த, இலட்சத்திற்கு மேற்பட்ட நிழற்படங்களுள் இத்திருமேனியின் படமும் இருந்தமையால் களவு ஐயத்திற்கிடமின்றி வெளிப்பட்டது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆசுதிரேலியப் பிரதமரே அதனைக் கொணர்ந்து இந்தியப் பிரதமரிடம் ஒப்புவித்தார்.

இம்மூன்றனையும் ஒருங்கு நோக்குவார்க்கு உண்மையொன்று விளங்கும். களவுக்கு வழிதிறந்தது வழிபாட்டின் குறைவு. மீட்சிக்கு வழிதிறந்தது குறிப்பின் நிறைவு. விளக்கெரியாத கோயிலிற் கள்வன் புகுந்தான். எழுதிவைத்த ஏடும் எடுத்துவைத்த படமும் உள்ள இடத்தில் அவன் பிடிபட்டான். சட்டங்கள் இல்லாமலில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் ஏற்றுமதியைத் தடுத்தது. 1983இற் சிலைக் களவைத் தடுத்தற்கெனத் தமிழகக் காவற்றுறையிற் றனிப்பிரிவும் அமைந்தது. ஆயினும் தன் ஊர்த் திருமேனியின் உயரமும் அடையாளமும் அறியாத ஊரார்க்குச் சட்டம் எங்ஙனம் துணைசெய்யும்?

அற்றேல், காட்சிச்சாலை வேண்டா, திருமேனிகள் யாவும் இன்றே கோயில் புகுதல் வேண்டும் எனின், அதுவும் ஆராய்தற்குரியது. உரிய கோயில் இன்னதெனத் தெரியாதன பல. தெரிந்தும், காவலும் நித்திய பூசையும் இல்லாத கோயில்கள் சில. அயல்நாட்டினின்றும் மீண்ட திருமேனிகளிற் சில, திருவாரூர் முதலிய இடங்களிலுள்ள காப்பறைகளில் வைக்கப்பட்டமைக்கும் காரணம் அதுவே. கண்ணாடிப் பேழையினின்றும் மீண்டது இரும்புக் கதவினுட் புகுந்ததாயின், மீட்சி பாதியே நிறைந்ததாம். ஊரார் ஒன்றுகூடிக் கோயிலைச் செப்பஞ் செய்து, காவலமைத்து, ஒருவேளைப் பூசையேனும் தவறாது நடத்த முன்வருவரேல், விதிப்படி தூய்மை செய்து மீண்டும் எழுந்தருளுவித்தற்கு ஆகமங்களில் இடமுண்டு. ஆகவே முதலில் வேண்டப்படுவது ஊராரின் முயற்சி.

முன்னெழுப்பிய ஐயத்திற்கு இனி விடை கூறுவாம். காட்சிச்சாலைத் திருமேனி செத்ததோ? கைகூப்புதல் தகுமோ, தகாதோ? இறைவன் எங்கும் நிறைந்தவனாயினும், பாலில் நெய்போல் ஏனையிடங்களிற் புலனாகாதும், தயிரில் நெய்போல் திருக்கோயிலிலும் அடியார் வேடத்திலும் விளங்கியும் நிற்பன் என்பது மெய்கண்ட சந்தானத்தார் கொள்கை. இதனைக் கொண்டு நோக்கின், கோயிலினின்றும் பிரிந்தமையால் திருமேனியை இறைவன் நீங்கினான் என்றல் பொருந்தாது. அவன் நீங்குதற்கு அவனில்லாத இடம் ஏது? விளங்கித் தோன்றுதற்குரிய பூசையும் அன்பும் ஆங்கில்லை என்பதே உண்மை. பாலில் நெய் இல்லையென்பான் அறிவிலி. நெய் வேண்டுமாயின் உறையிட்டுக் கடைதல் வேண்டும். ஆதலின் காட்சிச்சாலையுள் திருமேனி கண்டு மனத்தாற் கைகூப்பும் அன்பன் தவறியவனல்லன். அழகென்று மட்டும் கண்டு அகல்வானும், 'செத்த காலேஜ்' என இகழ்ந்து புகாதொழிவானும் பயன் இழந்தவராவர்.

இக்கருத்திற்குச் சான்றாக அண்மைய நிகழ்ச்சியொன்று உண்டு. தருமையாதீனத்தின் ஆட்சிக்குட்பட்ட சீகாழிச் சட்டைநாதர் திருக்கோயிலிற் குடமுழுக்கின்பொருட்டு வேள்விச்சாலை அமைக்க 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் மண்ணை அகழ்ந்தபோது, இருபதுக்கு மேற்பட்ட ஐம்பொற்றிருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூற்றுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. சம்பந்தப்பெருமான் அவதரித்த பதியிலே தேவாரச் செப்பேடுகள் மண்ணினின்றும் எழுந்தன. திருமேனியையும் திருமுறையையும் ஒருசேரக் காத்தல் வேண்டுமென ஒருசேரப் புதைத்த அப்பெரியோர் யாவரென்பது அறியப்படாது. அவர் கருத்து மட்டும் மண்ணுட் கெடாது நின்றது. கோயில் பாழ்படாது, வேள்விக்கென மண்ணை அகழ்வார் இருந்தமையால், அப்புதையல் உரியார் கண்முன்னரே வெளிப்பட்டது.

ஆகவே, காட்சிச்சாலை காணச் செல்லும் சைவ நன்மக்கள் வழிகாட்டுவோன் கூறுவதனோடு அமையாது, ஒவ்வொரு திருமேனிமுன்னும் நான்கு வினா எழுப்புவாராக: இஃது எவ்வூரது? இதனைக் கூறுங் கல்வெட்டு உளதோ? எவ்வாண்டில், எவ்வழியாக இங்கு வந்தது? அவ்வூர்க் கோயிலில் இன்று விளக்கெரிகின்றதோ? முதல் மூன்றற்கும் விடை நூல்களிற் கிடைக்கும். நான்காவதற்கு விடை அவ்வூர்க்குச் சென்றாலன்றிக் கிடையாது. அங்ஙனம் சென்று, தத்தம் ஊர்த் திருமேனிகளின் உயரமும் கோலமும் எழுத்தும் குறித்துப் படமெடுத்துப் பாதுகாத்தலும், பூசை குன்றிய கோயிலொன்றில் ஒரு விளக்கேனும் அவியாது காத்தலும் இக்காலச் சைவர்க்குரிய சரியைத் தொண்டுகளாம். இராசராசன் கல்லில் வெட்டிவைத்ததும் இத்தொண்டே. பெயர் அறியப்படாத தொண்டர் மண்ணிற் புதைத்துவைத்ததும் இத்தொண்டே. அவர் வழி நிற்றற்குத் திருவருள் துணைபுரிவதாக.